அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்

மார்ச் 3

உம்மணாமூஞ்சித் தம்பிக்கு,

இனிமேல் போன் பண்ணாதே என்று சொன்னாய். எழுதாதே என்று சொல்லவில்லை. உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று மாதமாக எப்போது அடித்தாலும் ஒரே மணியோடு நின்றுவிடுகிறது. தபால்காரரை உன்னால் தடுக்க முடியாதல்லவா, அதனால் இந்தக் கடிதம்.

இருபது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் இப்போது சொந்த வீட்டுக்கே ஒன்பது மாடி படியேறிப் போகிறாயாம். லிஃப்ட் குழிக்குள் உன் கூட்டாளியின் கால் மாட்டிய நாளிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லையாம். கம்பெனியில் உன்னை உதிரிபாகக் கிடங்கில் உட்காரவைத்து நட்டு எண்ணச் சொல்லியிருக்கிறார்களாம். ஜூன் மாதத்துக்குள் பழைய வேலைக்குத் திரும்பாவிட்டால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்களாம். இதில் எதையும் உன் மனைவி என்னிடம் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று சொல்லச் சொன்னாள்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஆன்லைனில் ஒரு கவுன்சலிங் ஏற்பாடு செய்திருக்கிறேன். மனநல ஆலோசகர், பதிவு பெற்றவர், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தேன். ஒரு முறைக்கு ஐம்பது நிமிடம். கட்டணம் நான் மூன்று பேன்ட் தைக்கும் கூலி. ஆறு முறைக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு பேன்ட் குறைகிறது. மொத்தமாகக் கட்டிவிட்டேன். முதல் சந்திப்பு இந்த மாதம் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, காலை பதினொன்று. வர முடியாது என்றால் ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த முறைக்கான பணம் போனது போனதுதான். ஆகவே ஒழுங்காக வந்து உட்கார்.

படிவத்தை நிரப்புவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. பணம் கட்டுபவர் பெயர் கேட்டது, என் பெயரைப் போட்டேன். அதன் பிறகு எல்லாவற்றையும் என் பெயரிலேயே எடுத்துக்கொண்டது, மாற்றத் தெரியவில்லை. வயது ஐம்பத்திரண்டு, பெண், தொழில் தையல், பிரச்சினை என்ற இடத்தில் லிஃப்ட் என்று எழுதியிருக்கிறேன். நீ போய்ச் சொல்லிக்கொள். அவசரத்துக்கு யாரை அழைக்கலாம், எண் தருக என்றும் கேட்டது. என் எண்ணையே போட்டேன், சிவப்பு எழுத்தில் ஒப்புக்கொள்ள மறுத்தது. கடைக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்காரர் எண்ணைப் போட்டுவிட்டேன்.

வீடியோவுக்கான முகவரியைக் கீழே என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுத்தும் எண்ணுமாக நாற்பத்தேழு இருக்கிறது, மூன்று தடவை சரிபார்த்தேன். உன் மனைவியின் போனுக்கு அனுப்பியிருக்கலாம். நம் சண்டையில் அவளைத் தபால்காரியாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இயர்போன் போட்டுக்கொள், கதவைச் சாத்திக்கொள், போனில் சார்ஜ் இருக்கட்டும்.

கத்தரி அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

யாரைக் கேட்டு இதைச் செய்தாய்?

சின்ன வயதில் என் தலைமுடியை எப்படி வெட்டுவது என்று நீ முடிவு செய்தாய். என்ன படிப்பது என்று முடிவு செய்தாய். இப்போது நான் யாரிடம் போய் அழ வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறாய். எனக்கு வயது நாற்பத்து நான்கு.

கதவைச் சாத்திக்கொள் என்கிறாயே, எந்தக் கதவை? இந்த வீட்டில் இருப்பது இரண்டு அறை. ஒன்றில் மகள் தேர்வுக்குப் படிக்கிறாள். இன்னொன்றில் மாமனார் டிவியோடு குடியிருக்கிறார். குளியலறையில் போய்ப் பேசினால் மூன்று பேர் வரிசையில் நின்று கதவைத் தட்டுவார்கள். கிடங்கில் பேசலாம் என்றால் அங்கே நட்டு கீழே விழுந்தாலே நான்கு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் ஒரு ஆலோசகரிடம் பேசுகிறேன் என்பது மேலாளர் காதுக்குப் போனால் ஜூன் வரைகூடக் காத்திருக்க மாட்டார். மண்டை சரியில்லாதவனை லிஃப்ட் குழிக்குள் யார் அனுப்புவார்கள்?

நீ எழுதிய நாற்பத்தேழு எழுத்தில் ஆறாவது எழுத்து ஆங்கில 'ஓ'வா சைபரா என்று அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் போட்டுப் பார்க்கவில்லை. போடப் போவதுமில்லை.

பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள். மூன்று மாதத்துக்கு முன் போனில் நீ சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "ஆம்பளையா லட்சணமா எந்திரிச்சு வேலைக்குப் போடா, உனக்கா கால் போச்சு?" என்றாய். அதைச் சொன்ன வாய்க்கு இப்போது என்ன திடீர்க் கரிசனம்?

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று மதியம்தான் கைக்கு வந்தது. நீ எழுதிய தேதி பத்து, சந்திப்பு பதினான்கு, இன்று பதினாறு. தபாலைக் குற்றம் சொல்ல மனமில்லை, ஏனென்றால் அது சரியான நேரத்துக்கு வந்திருந்தால் நான் எழுதப்போகும் விஷயம் நடந்தே இருக்காது.

சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு நீ உள்ளே வந்தாயா என்று பார்க்க மட்டும் என் போனில் அந்த முகவரியைத் திறந்தேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்களே, அது மாதிரிதான். திரையில் ஒரு அம்மாள் வந்தார். நாற்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி, பின்னால் ஒரு செடி. உன்னைக் காணோம். ஐந்து நிமிடம் ஆயிற்று, உன்னைக் காணோம்.

"உங்களுக்கு லிஃப்ட்ல என்ன கஷ்டம்னு சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லைங்க, எங்க கடை தரைத்தளம்," என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த அம்மாள் என்ன சொன்னார் தெரியுமா? "ஒருத்தருக்காக இன்னொருத்தர் சம்மதம் கொடுக்க முடியாதும்மா. அவருக்கு வரணும்னு தோணணும், அவரே படிவம் நிரப்பணும். நீங்க கட்டின பணத்துல மிச்ச அஞ்சு தடவைக்கானதைத் திருப்பித் தரச் சொல்றேன். இன்னைக்கு உள்ளது மட்டும் விதிப்படி போயிடும்."

இன்றைக்கு உள்ளது போயிடும்! மூன்று பேன்ட்! கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நாற்பது நிமிடம் மிச்சம். கட்டிய பணம் வீணாகக் கூடாது என்று நானே உட்கார்ந்துவிட்டேன். சிரிக்காதே. பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுத்தால் கடைசி நிறுத்தம் வரை போகிற ஆள் நான், உனக்குத் தெரியாததா?

முதல் பத்து நிமிடம் ஜிப் விலை ஏறியதைப் பற்றிப் பேசினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். பிறகு படிவத்தைப் பார்த்துவிட்டு, "அவசரத்துக்குன்னு பேக்கரி நம்பர் போட்டிருக்கீங்களே, உங்களுக்கு உடம்புக்கு முடியலேன்னா பேக்கரிக்காரரா வருவாரு?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். யோசித்துப் பார்த்தேன், யார் எண்ணைச் சொல்வது என்று. எனக்குத் தெரிந்த ஒரே எண் என்னைத் தடுத்து வைத்திருக்கிறது. அங்கேயே, கத்தரியும் கையுமாக, வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் நிற்க நிற்க அழுதேன். அந்த ஆள் தன் பேன்டைக்கூடக் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

மீதி நேரம் முழுக்க அப்பா இறந்த வருடத்தைப் பற்றித்தான் பேசினேன். அவர் போன எட்டாம் நாள் நான் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். உனக்கு அப்போது பத்து வயது. எனக்குப் பதினெட்டு. நன்றாக இருக்கிறாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் எழுந்து வேலைக்குப் போனேன். அதனால்தான் உன்னிடம் அப்படிப் பேசினேன் போலிருக்கிறது. எழுந்து போவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. அது உனக்குச் சொல்லக்கூடிய பேச்சு இல்லை. தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள் என்று எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்தேன், இது மூன்றாவது.

நாற்பத்தொன்பதாவது நிமிடம் அவர் முடிக்கப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று சொன்னேன்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

பள்ளிக்கூட ஜன்னல், லிஃப்டில் என்ன கஷ்டம், இன்னும் ஒரு நிமிடம். மூன்று இடத்திலும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். கிடங்கில் நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். விபத்து நடந்த நவம்பருக்குப் பிறகு நான் சிரித்தது இதுதான் முதல் தடவை என்று மனைவி சொல்கிறாள். கடிதத்தை அவளிடமும் காட்டினேன். பேக்கரி வந்த இடத்தில் மட்டும் அவள் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

அன்று என்ன நடந்தது என்று நீ என்னிடம் கேட்டதே இல்லை. யாரும் கேட்கவில்லை, விசாரணை அதிகாரி ஒருவரைத் தவிர. அவர் நேரத்தைத்தான் கேட்டார். பழைய அடுக்குமாடி. நாங்கள் இரண்டு பேரும் குழிக்குள் இருந்தோம். நான் ஒரு ஸ்பேனர் எடுக்க ஏணியில் ஏறினேன், அவன் குனிந்திருந்தான். மேலே பிரேக் விட்டுப்போய் லிஃப்ட் இரண்டடி இறங்கியது. இரண்டே அடிதான். தீயணைப்பு ஆட்கள் வரும் வரைக்கும் நாற்பது நிமிடம் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் கத்தவில்லை. தன் மகளின் பள்ளிக் கட்டணத்தை அந்த வாரம் கட்ட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஸ்பேனர் அவன் கேட்டது. அவனே எடுக்கப் போயிருந்தால் கீழே மாட்டியிருப்பது நான்தான். யார் மேலும் தப்பு இல்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். இன்னும் ஒரு தடவைகூட அவன் வீட்டுக்கு நான் போகவில்லை. பக்கத்துத் தெருவரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன்.

இதை உனக்கு எழுதுகிறேன் என்றால் பேசவும் முடியும் போலிருக்கிறது. ஆனால் உன் பணத்தில் வேண்டாம். உன் ஆலோசகரும் வேண்டாம், என்னைப் பற்றி நீ அங்கே என்னென்ன சொன்னாயோ. எனக்கு வேறு சில சந்தேகங்கள் இருக்கின்றன. கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் இதற்குப் பணம் கிடைக்குமா? கிடைத்தால் அந்த ரசீது யார் கண்ணில் படும்? ஒரே நேரத்தில் அவ்வளவு பணம் இல்லாதவன் என்ன செய்வது? பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தலாமா? அந்த ஆலோசகர் அம்மாளிடம் கேட்டுச் சொல்வாயா? நீ எப்படியும் மறுபடி போகத்தான் போகிறாய். உன்னை எனக்குத் தெரியும்.

தம்பி


மார்ச் 31

தம்பிக்கு,

ஆமாம், போனேன். மிச்சம் ஐந்தும் எனக்கே என்று சொல்லிவிட்டேன். திருப்பி வாங்கியிருந்தால் கடை வாடகையில் கரைந்திருக்கும்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஸ்பேனர் வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். நீ உயிரோடு இருப்பதற்கு நான் சந்தோஷப்படுகிறேன். அதற்காக நீ கூச்சப்பட வேண்டியதில்லை. இதற்கு மேல் எழுதினால் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவேன். அதை இந்த மாதம் குறைத்துக்கொள்கிறேன் என்று ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீ கேட்டவை. அந்த அம்மாள் உன்னைப் பார்க்க மாட்டார், நீயே போனாலும். அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை அவர் தனித்தனியாக எடுத்துக்கொள்வதில்லையாம். நான் சொன்னது உன்னிடம் போகாது, நீ எங்கே எதைச் சொன்னாலும் என்னிடம் வராது. வேறு மூன்று பேரின் பெயர் கொடுத்தார், தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று பேருமே முதலில் கால் மணி நேரம் பணம் வாங்காமல் பேசுவார்களாம். அப்போதே கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். வருமானத்துக்குத் தகுந்தாற்போல் குறைப்பவர்கள் உண்டு, ஆனால் கேட்டால்தான் குறைப்பார்கள். மொத்தமாகக் கட்ட வேண்டாம், ஒவ்வொரு தடவையாகக் கட்டு, பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். மொத்தமாகக் கட்டியது என் அவசரப் புத்தி. காப்பீடு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காதாம். முதலில் நாம் கட்டி, ரசீது வாங்கி, பிறகு கேட்பதுதான் வழக்கமாம், ரசீதில் ஆலோசகரின் பதிவு எண் இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அது யார் கண்ணில் படும் என்பதை உங்கள் கம்பெனியில் யாரையாவதுதான் கேட்க வேண்டும் என்றார்.

அந்த மூன்று பேரில் இரண்டாவது ஆள் விபத்துக்குப் பிறகு வருகிறவர்களையே அதிகம் பார்ப்பவராம். அவர் பக்கத்தைத் திறந்து, நாள் தேர்ந்தெடுத்து, விரல் பொத்தான் மேல் வரை போய்விட்டது. நிறுத்திவிட்டேன். போனை மேசை டிராயரில் வைத்து மூடினேன். இருபது நிமிடம் காலர் வெட்டினேன், இரண்டு காலர் வீண். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு கஷ்டப்பட்டு நான் ஒன்றைச் செய்யாமல் இருந்ததில்லை.

எனவே, எதுவும் செய் என்று சொல்லவில்லை. தாள் இணைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ கோபித்திருப்பாய், பரவாயில்லை.

காப்பீட்டை யாரிடம் கேட்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். மேலாளரைக் கேட்க முடியாது. சம்பளப் பிரிவில் கேட்டால் சாப்பாட்டு வேளைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதே கம்பெனி, அதே காப்பீடு, வாயைத் திறக்காத ஆள் என்று கணக்குப் போட்டால் ஒரே ஒருவன்தான் மிஞ்சினான். காப்பீட்டுப் படிவம் நிரப்பத் தெரியாமல்தான் கடைசியில் கூட்டாளி வீட்டுக் கதவைத் தட்டினேன் என்றால் நீ நம்புவாயா?

அவனே வந்து திறந்தான். செயற்கைக் கால், ஊன்றுகோல். என்னைப் பார்த்து, "ஸ்பேனர் எடுத்துட்டு வர அஞ்சு மாசமாடா?" என்றான். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவனும் காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அதுக்கு ஏன்டா இப்படிக் குசுகுசுங்கற? நானே டிசம்பர்லேருந்து பேசிட்டிருக்கேன். அன்னைக்கு நீ கையை விடலையே, அதைப் பத்தியே ரெண்டு வாரம் பேசினேன்," என்றான்.

அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தான். ரசீதுகள் எல்லாம் தேதி வாரியாக. எங்கள் காப்பீட்டில் முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கிறது. ரசீதைக் காப்பீட்டு அலுவலகத்துக்கு நேராகவே அனுப்பலாம், எங்கள் கம்பெனிக்கு வருடத்துக்கு ஒரு தடவை மொத்தத் தொகை மட்டும் போகிறது, பெயர் போவதில்லை. இதைச் சொல்ல அவனுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் ஐந்து மாதம் படியேறிக்கொண்டிருந்தேன்.

உன் தாளில் இரண்டாவது பெயரைத்தான் எடுத்தேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை. கால் மணி நேரப் பேச்சில் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, பதினான்காவது நிமிடம்தான் சொன்னேன். "காப்பீட்டுப் பணம் உங்க கைக்கு வர்ற வரைக்கும் பாதி கட்டுங்க, மீதியை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார், ஏதோ குடை கடன் கொடுப்பது மாதிரி.

இரண்டு தடவை ஆகிவிட்டது. முதல் தடவை ஏழாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினேன். ஒரு அம்மாள் நாயோடு மூன்று முறை ஏறி இறங்கினார், மூன்றாம் முறை அந்த நாய் என் பக்கத்தில் படுத்துக்கொண்டது. இப்படி முடியாது, இடம் தேடுங்கள் என்றார் ஆலோசகர். இந்தக் கட்டடத்தில் கதவு சாத்தக்கூடிய, யாரும் வராத, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். மொட்டை மாடியில் லிஃப்டின் மோட்டார் அறை. பராமரிப்பு எங்கள் கம்பெனிதான், சாவி என் வளையத்தில்தான் இருக்கிறது.

நேற்று அதன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே இல்லை, வாசலில். உள்ளே மோட்டார் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பேச்சை நிறுத்தி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவரும் ஓடி முடியட்டும் என்று காத்திருந்தார். ஐம்பது நிமிடத்தில் பதினொரு முறை ஓடியது. கடைசி இரண்டு முறை நான் பேச்சை நிறுத்தவில்லை. மோட்டாரில் ஒரு பேரிங் சத்தம் போடுகிறது, கிரீஸ் வைத்து நாளாகியிருக்கும். அது காதில் விழுந்ததே எனக்கு நல்ல சேதி என்று மனைவி சொல்கிறாள். இறங்கும்போது படியில்தான் இறங்கினேன். ஜூனுக்குள் முடியுமா என்று தெரியவில்லை. முடியும் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

இன்னும் ஒன்று. படிவத்தை நானே நிரப்பினேன். அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்ற கட்டம் வந்தது. மனைவி எண்ணைப் போட்டேன். அவளோ கூட இருப்பவள், வீட்டுக்கு வெளியே இன்னொருவர் எண்ணும் வேண்டும் என்றார்கள். யோசிக்கவே இல்லை, கை தானாக உன் எண்ணை அடித்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அதுதான். அடித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது, எனக்கு ஏதாவது ஆகி உன்னை வரச் சொல்லி அவர்கள் அழைத்தால், நீ பதறிப்போய் என்னைக் கூப்பிட்டால், ஒரே மணியோடு நின்றுவிடும்.

எடுத்துவிட்டேன், அக்கா. தடையை எடுத்துவிட்டேன். பேக்கரிக்காரர் எண்ணை அழித்துவிட்டு உன் படிவத்திலும் என் எண்ணைப் போடு.

இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. அவசரம் ஒன்றுமில்லை. சும்மாதான்.

தம்பி